பதினொரு டிபன் கேரியர்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தேழு. குரு கழிவுக் கூடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. சீடர் அந்தத் தொழிற்சாலைக்கே பொது மேலாளர். குருவின் பெயர் துளசிமணி, சீடரின் பெயர் சென்னியப்பன். இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறதே என்று யாருக்காவது தோன்றினால், சென்னியப்பனுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி, தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை அது. பம்பு நல்ல பம்பு. கிணறு வற்றினாலும் பம்பு நிற்காது என்று விவசாயிகள் கேலி பேசும் அளவுக்கு உழைக்கும். ஆனால் ஒரு பம்பு வாசலைத் தாண்டினால் அதன் பின்னாலேயே ஒரு கூடை குப்பையும் தாண்டும். வார்ப்படத்தில் கருகிய மணல், உடைந்த மரப்பெட்டி, பெயிண்ட் ஒட்டிய தகரம், எண்ணெய் குடித்த துணி. எல்லாம் லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே வெட்டி வைத்திருக்கும் பெரிய குழிக்குப் போகும். போன பிறகு அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் மாசியில் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பெரிய ஆர்டரோடு வந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. குழிக்கு ஒரு கைப்பிடி கூட அனுப்பாத தொழிற்சாலையில்தான் அவர்கள் வாங்குவார்களாம். சித்திரை முடிவதற்குள் தணிக்கையாளர் வந்து பார்த்து, ஒன்றும் போகவில்லை என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் இரண்டாவது ஷிஃப்டை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். இரண்டாவது ஷிஃப்டு என்றால் நூற்றியெண்பது பேர்.

சென்னியப்பன் சட்டென்று மனசு இளகுகிற ஆள். செய்தி கேட்ட அன்றே கேண்டீனில் பெஞ்சு மேல் ஏறி நின்று, "ஒருத்தர் வேலையும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டார். கைதட்டல் அடங்கி, பெஞ்சை விட்டு இறங்கும்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. எப்படி என்பதை அவர் யோசித்திருக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பழக்கம். எந்தப் பொருளாக இருந்தாலும் அதில் ஒரு அட்டைச் சீட்டு தொங்கும். பச்சைச் சீட்டு என்றால் தேறியது. சிவப்பு என்றால் தேறாதது, குழிக்குப் போகும். மஞ்சள் என்றால் இன்னும் முடிவு எடுக்கவில்லை. மஞ்சள் சீட்டில் 'எங்கே போக வேண்டும்', 'எந்தத் தேதிக்குள்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவற்றை யாரும் நிரப்பியதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு நாள் யோசித்து சென்னியப்பன் ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் சிவப்புச் சீட்டே கிடையாது.

மஞ்சள் சீட்டு மூட்டை மூட்டையாக அச்சாகி வந்து இறங்கியது. மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் குப்பை என்பதே இல்லை. முடிவு எடுக்காத பொருள்கள்தான் இருந்தன. கருகிய மணல் மேட்டுக்கு மஞ்சள் சீட்டு. கால் உடைந்த நாற்காலிக்கு மஞ்சள் சீட்டு. கேண்டீனில் யாரோ கடித்து வைத்துவிட்டுப் போன உளுந்து வடைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. லாரி வராததால் எல்லாம் கழிவுக் கூடத்தில் வந்து குவிந்தது. ஒன்பதாம் நாள் கூடத்தின் கதவை மூட முடியவில்லை. பத்தாம் நாள் வடை தன் முடிவைத் தானே எடுத்துவிட்டது. நாற்றம் மேலாளர் அறை வரை வந்தது.

சென்னியப்பன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்துக்குப் போனார். முப்பத்தோரு வருஷ வேலையில் அவர் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

உள்ளே ஒரு பெண் கவிழ்த்துப் போட்ட டின் மேல் உட்கார்ந்து கம்பித் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க யாரு பொறுப்பு?"

"நானுங்க சார். துளசிமணி. ஒம்பது வருசமா இங்கதானுங்க இருக்கறேன்."

"இத்தனை சேர்ந்து கெடக்குது. ஒண்ணும் பண்ணலையா?"

"எல்லாத்துலயும் முடிவு எடுக்கலீன்னு நீங்களே தொங்க உட்டிருக்கறீங்க. பெரியவங்க யோசிச்சிட்டிருக்கறப்ப நாங்க கை வெக்கலாமுங்களா?"

இது பணிவா, கிண்டலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. கைக்குட்டையை எடுத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"குப்பையே இல்லாம பண்றது எப்படி அம்மணி? உனக்குத் தெரிஞ்சா சொல்லு."

துளசிமணி எழுந்தாள். கையைத் துடைத்தாள். பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உருவி, அதன் நூலை அவருடைய சட்டைப் பொத்தானில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"என்னது இது?"

"தெரியலீன்னு வந்திருக்கறீங்க. எங்க போகோணும்னு இன்னும் முடிவாகலீங்களே. அதான் கட்டினனுங்க."

மணல் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுடைய தோள் குலுங்கியது. சென்னியப்பனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பி நடந்தார். சீட்டை அவிழ்க்கவும் மறந்துவிட்டார். அதோடேயே மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தார். மேலாளர் சட்டையில் தொங்குவதை அவிழ்க்கச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

வீட்டில்தான் அவருடைய மனைவி சாவித்திரி அதைப் பிடித்து வாசித்தாள்.

"முடிவு எடுக்கவில்லை," என்று படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாருங்க கட்டினது? ஆள் நெம்ப வெவரம். எனக்கும் இருபத்தெட்டு வருசமா இதே சந்தேகந்தான்."

அடுத்த நாள் காலையில் அவர் மறுபடியும் கூடத்துக்குப் போனார்.

"அம்மணி, நேத்துக் கேட்டதுக்குப் பதில்?"

துளசிமணி ஒரு சாக்கை அவர் பக்கமாகத் தள்ளினாள். "கை காலியாத்தானே இருக்குது. உட்காருங்க சார்."

அப்படித்தான் அவர் சீடரானார். தினமும் காலையில் ஒரு மணி நேரம் டின் மேல் உட்கார்ந்து சாக்கைக் கொட்டிப் பிரித்தார். முதல் வாரம் முழுக்க அவர் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். கேள்விக்கு ஒரு சாக்கு வீதம் பதில் வந்தது. இரண்டாவது வாரம் கேள்வி குறைந்தது, இடுப்பு வலி கூடியது.

பிரிக்கப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்கிடம் இருப்பது தெரிந்தது. கருகிய மணலுக்காக ஹாலோ பிளாக் போடுகிறவர் ஒருவர் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்தார். மரப்பெட்டியைக் கொண்டு வந்த லாரி காலியாகத்தான் திரும்பிப் போனது, பெட்டியையும் அதிலேயே ஏற்றி அனுப்பினால் அடுத்த லோடுக்கு அதே பெட்டி வந்தது. எது எங்கே போகும் என்று துளசிமணி விரல் நுனியில் வைத்திருந்தாள்.

"இதெல்லாம் எப்பத் தெரியும் உனக்கு?"

"ஒம்பது வருசமாத் தெரியுமுங்க."

"ஏன் சொல்லலை?"

"லாரி எப்பக் கெளம்பும்னுதானுங்க எல்லாரும் கேட்டாங்க."

சென்னியப்பன் குனிந்து சாக்கைப் பிரித்தார்.

பங்குனி பாதி தாண்டியபோது, லாரி லாரியாகப் போனது ஒரே ஒரு கூடையாகச் சுருங்கியிருந்தது. ஆனால் அந்தக் கூடை மட்டும் அசையவில்லை. தினமும் அதே அளவு வந்து நின்றது. அதில் இருந்தது எண்ணெய்த் துணி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டிப்போட்ட துணியைப் பொதி பொதியாக வாங்கி எந்திரம் துடைக்க வைத்திருப்பார்கள். அதுதான் எண்ணெய் ஊறிக் கரேலென்று வந்து விழுந்தது. அதைச் சும்மா கொளுத்தக் கூடாது, சட்டம் இருக்கிறது. சிமெண்ட் ஆலையில் அதற்கென்று சூளை உண்டு. ஆனால் லாரி நிறைய இருந்தால்தான் வந்து எடுப்போம் என்றார்கள். இத்தனை நாள் குப்பை அதிகமாக இருந்தது கஷ்டம். இப்போது குறைவாக இருப்பது கஷ்டம்.

தணிக்கையாளர் சித்திரை ஒன்பதாம் தேதி வருவதாகக் கடிதம் வந்தது. கேண்டீனில் இரண்டாவது ஷிஃப்டு ஆட்கள் சென்னியப்பனைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள். முன்பெல்லாம் யாரும் எழுந்தது கிடையாது. அது அவரைக் குத்தியது.

துறைத் தலைவர்கள் பத்துப் பேரையும் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார். அந்த யோசனையைச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரைக் கை காட்டுகிறார்கள். யோசனை இதுதான். வாசலில் காவலாளி எல்லாருடைய பையையும் சோதிப்பார். அதிகாரிகளின் டிபன் கேரியரை மட்டும் திறக்க மாட்டார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு கேரியர் காலிதானே.

அன்று சாயங்காலத்திலிருந்து பதினொரு டிபன் கேரியர்கள் கனமாக வீட்டுக்குப் போயின. அவரவர் தெருவில், யாரும் பார்க்காத சமயம் பார்த்து, குப்பைத் தொட்டியில் தட்டினார்கள். தொழிற்சாலையிலிருந்து குழிக்குப் போனது சுழியம். சென்னியப்பன் அறிவிப்புப் பலகையில் அந்தச் சுழியத்தை ஒரு தட்டு அளவுக்குப் போட்டார். தினமும் அதைப் பார்த்தார், பார்த்த பிறகு சந்தோஷம் வருகிறதா என்று காத்திருந்தார். கழிவுக் கூடத்துக்கு மட்டும் அந்த ஒன்பது நாளும் போகவில்லை. வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஏனுங்க," என்றாள் சாவித்திரி. "கேரியரை எத்தனை தேய்ச்சாலும் ரசத்துல எஞ்சின் ஆயில் வாசம் அடிக்குது. கேண்டீன்ல எதுல தாளிக்கறாங்க?"

பத்தாம் நாள் குரு ஆள் அனுப்பினாள்.

கூடத்தின் நடுவில் ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் கறுப்பாக எதையோ வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் வட்டம். அளவெடுத்து வார்த்த இட்லி மாதிரி ஒரே வட்டம்.

"இது என்னன்னு தெரியுதுங்களா சார்?"

அவர் குனிந்து பார்த்தார்.

"என்ற தங்கச்சி உங்க வீதியிலதானுங்க கார்ப்பரேசன் குப்பை வண்டி தள்றா. ஒரு வாரமா அவளுக்கு ஒரே யோசனை. இந்த வீதியில யாரோ வீட்டுக்குள்ள பம்பு கம்பெனி போட்டிருக்காங்க அக்கான்னு கொண்டாந்து காட்டறா."

அவர் வட்டங்களை எண்ணினார்.

"மூணடுக்குக் கேரியருங்க. இது அடியடுக்கு. இது நடு அடுக்கு. இது மேலடுக்கு. இதுல கொஞ்சம் ஊறுகாய் ஒட்டியிருக்குது. எலுமிச்சங்காயின்னு நெனைக்கறேன்."

"நார்த்தங்காய்," என்றார் சென்னியப்பன் மெல்ல. "எங்க வீட்டுதுதான்."

சொல்லிவிட்டு டின்னைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு அவமானம் அவர் பட்டதில்லை. அதைவிடப் பயமாக இருந்தது.

"ஆடிட்டுக்கு ஏழு நாள்தான் இருக்குதுங்க," என்றார். அன்றுதான் அவர் அவளை நீங்க போட்டுப் பேசியது. "நூத்தியெண்பது பேருங்க, அம்மணி. பெஞ்சு மேல ஏறிச் சொல்லிட்டேன். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

துளசிமணி வட்டத் துணி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இத்தனை நாளும் இதை முன்னால தூக்கிட்டுப் போயிட்டிருந்தீங்க. குழிக்குப் போனீங்க, வீட்டுக்குப் போனீங்க, வீதிக்குப் போனீங்க. ஒருக்கா பின்னால தூக்கிட்டுப் போயிட்டு வாங்க."

அவர் எழுந்து நடந்தார். எண்ணெய்த் துணியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பொது மேலாளர் போவதைப் பார்த்து ஆட்கள் வழி விட்டார்கள். துணி வந்து விழும் பீப்பாய்க்குப் போனார். பட்டறை கூட்டி அதைப் பீப்பாயில் போடுகிற அம்மாளைக் கேட்டார். அந்த அம்மாள் லேத் பட்டறையைக் காட்டினாள். பட்டறையில் மொத்தம் பதினான்கு எந்திரங்கள். ஏழாம் எந்திரத்தில் மாரப்பன் நின்றிருந்தார். சென்னியப்பன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அந்த எந்திரத்தை ஓட்டுகிறவர்.

"இந்தத் துணி எதுக்கு மாரப்பா?"

"எந்திரத்துக்கு அடியில வெக்கறதுங்க. ஷிஃப்டுக்கு ஒருக்கா மாத்தணும்."

"எண்ணெய் ஒழுகுதா?"

"ஏழு, எட்டு, ஒம்பது மூணும் ஒழுகுமுங்க. மத்தது ஒழுகாதுங்க."

"அப்ப மத்த பதினொண்ணுக்கும் எதுக்கு வெக்கறீங்க?"

"உத்தரவு இருக்குதுங்களே."

மாரப்பன் அவரைத் தூணருகே கூட்டிப் போனார். ஒரு காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எந்திரங்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து வந்திருக்கிறார்கள். கடைசியாகப் போட்ட செவ்வந்தி மாலை காய்ந்து தொங்கியது. எழுத்தே தெரியவில்லை. சென்னியப்பன் கையிலிருந்த துணியாலேயே துடைத்துவிட்டுப் படித்தார்.

'எந்திரங்களின் அடியில் ஷிஃப்டுக்கு ஒருமுறை புதிய துணி வைக்கவும். பழையதை அப்புறப்படுத்தவும். தற்காலிக ஏற்பாடு.'

கீழே கையெழுத்து. ப. சென்னியப்பன், பயிற்சிப் பொறியாளர். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். அப்போது பட்டறையில் இருந்ததே இந்த மூன்று எந்திரங்கள்தான், எண்ணெல்லாம் பிறகு போட்டது. ஆயில் சீல், எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் வளையம், தேய்ந்துபோயிருந்தது. புதுசு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். அந்த நாலு நாளுக்காக எழுதியது.

"புது சீல் அப்புறம் வரவே இல்லையா?"

"அந்த வாரமே வந்துருச்சுங்க. ஸ்டோர்ல இருக்குது. மஞ்சச் சீட்டு போட்டு."

"முப்பத்தோரு வருசமா?"

"இப்ப எடுத்தா அப்பளமாட்ட நொறுங்குமுங்க."

"ஏப்பா, ஒருத்தருக்குக் கூடவா இதைக் கேக்கத் தோணலை?"

"தோணுச்சுங்க. ஒருக்கா இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு சீலை மாத்திரலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீங்க மேனேஜர் ஆயிட்டீங்க. உங்க கையெழுத்தை எங்க கையால கிழிக்க முடியுமுங்களா? அதான் கண்ணாடி போட்டுட்டோம்."

சென்னியப்பன் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பினால் மட்டும் வந்ததில்லை. பிறகு சட்டையைக் கழற்றி எந்திரத்தின் மேல் போட்டுவிட்டு ஏழாம் எந்திரத்தின் அடியில் மாரப்பனோடு படுத்தார். மூன்று எந்திரத்துக்கும் புது சீல் மாட்டி, மற்றவற்றின் அடியிலிருந்த துணியையும் எடுக்க இரண்டு நாள் ஆனது. அதற்கு அடுத்த நாள் கூடையில் வந்தது இரண்டே துணி. அவரும் மாரப்பனும் கை துடைத்தது. துளசிமணி அதைச் சோப்புப் போட்டு அலசி, காய வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

தணிக்கையாளர் சொன்ன தேதிக்கு வந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷர். மணல் போன இடத்துக்குப் போய்ப் பார்த்தார், பெட்டி போன இடத்துக்குப் போய்ப் பார்த்தார். பீப்பாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தார். கடைசியில் கழிவுக் கூடத்தின் வாசலில் நின்று பேனாவைத் திறந்தார். முதலாளியும் பத்துத் துறைத் தலைவர்களும் சுற்றி நின்றார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு. ஒரே ஒரு கேள்வி. போன ஒரு மாசத்துல அனுமதிச் சீட்டு இல்லாம ஏதாவது வெளிய போயிருக்கா?"

பத்துத் துறைத் தலைவர்களும் கூரையில் எதையோ தேடினார்கள். முதலாளி சிரித்த முகமாகத் தலையை இடவலமாக ஆட்டினார். ஒரு சொல் போதும். நூற்றியெண்பது பேரும் அந்த ஒரு சொல்லில் பிழைத்துக்கொள்வார்கள். சென்னியப்பன் குருவைப் பார்த்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கம்பி பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அங்கே அந்த மஞ்சள் சீட்டு இருந்தது.

"போயிருக்குதுங்க," என்றார்.

"என்ன போச்சு?"

"எண்ணெய்த் துணிங்க. பதினொரு டிபன் கேரியர்ல. ஒம்பது நாள்."

தணிக்கையாளரின் பேனா நின்றது. "எத்தனை அடுக்கு?"

"எல்லாருக்கும் மூணடுக்குங்க. கொள்முதல் அதிகாரிக்கு மட்டும் நாலடுக்கு."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார். இதுவரை எழுதின சுழியம் எதுவும் செல்லாது. இன்றிலிருந்து இருபது நாள் சுத்தமாக இருந்தால் வந்து பார்க்கிறேன். ஒரு நாள் தவறினாலும் வர மாட்டேன். சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெடு முடிய இருந்தது இருபத்திரண்டு நாள். முதலாளி சென்னியப்பனைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அவர் கேண்டீனில் மறுபடியும் பெஞ்சு மேல் ஏறினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர் மட்டும், "பேசாம இல்லீன்னு சொல்லியிருக்கலாமுங்க சார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க," என்றார். சென்னியப்பன் பெஞ்சை விட்டு இறங்கினார்.

இருபது நாளும் தொழிற்சாலை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது. வெற்றிலை போடுகிறவர்கள் காம்பைக் கூடச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்கள். சென்னியப்பன் தொழிற்சாலையில் தொங்கிய எழுத்து உத்தரவுகள் அத்தனையையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு கட்டி, இரண்டு கட்டத்தையும் நிரப்பினார். அச்சடித்த மூட்டைகளில் பாதி அதிலேயே தீர்ந்தது. பதினொரு வீதிகளுக்கும் அதிகாரிகளையே அனுப்பிப் பழைய துணியில் கிடைத்ததையெல்லாம் மீட்டுக் கொண்டுவந்தார். பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரியில் கொஞ்சம் இடம் காலியாகத்தான் இருக்கும் என்று துளசிமணி சொன்னாள். பக்கத்துத் தொழிற்சாலை மேலாளருக்கும் அவருக்கும் பதினாறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் அவுட்டா இல்லையா என்று வந்த தகராறு. சென்னியப்பன் நேரில் போய், "நான் அவுட்டுதானுங்க," என்று ஒப்புக்கொண்டு இடம் வாங்கி வந்தார்.

இருபதாம் நாள் தணிக்கையாளர் வந்தார். பார்த்தார். எழுதிக் கொடுத்தார். இரண்டாவது ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியது. நூற்றியெண்பது பேரும் உள்ளே வந்தார்கள். இரண்டு பெண்களைப் பெற்றவர் சென்னியப்பனைத் தாண்டிப் போகும்போது அவருடைய கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். அது போதும் என்று சென்னியப்பனுக்கு இருந்தது.

முதலாளிக்குத்தான் போதவில்லை. மறுநாளே விழா வைத்தார். பேனர் கட்டினார்கள். பளபளக்கிற பிளாஸ்டிக் தாளில் சுற்றின பூங்கொத்து ஆளுக்கு ஒன்று வந்தது. மேடையில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெர்மாகோலில் ஒரு சுழியம், அதன் மேல் ஜிகினா.

விழா முடிந்த மறுநாள் காலை சென்னியப்பன் கழிவுக் கூடத்துக்குப் போனார். நடையில் கொஞ்சம் மிடுக்கு இருந்தது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்து நீட்டினார்.

"ஒண்ணுமில்லாம ஆக்கியாச்சுங்க அம்மணி. இதை வாங்கிட்டு ஒரு பச்சைச் சீட்டு கட்டி உடறீங்களா?"

துளசிமணி சீட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். 'எங்கே போக வேண்டும்' என்ற கட்டத்தில் ஏதோ எழுதினாள். 'எந்தத் தேதிக்குள்' என்ற கட்டத்திலும் எழுதினாள். பழையபடி நூலை அவருடைய பொத்தானில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

அவர் சீட்டைத் தூக்கிப் படித்தார். முதல் கட்டத்தில் 'இங்கேயே' என்று இருந்தது. இரண்டாவதில் அன்றைய தேதி.

"இன்னைக்குத் தேதி மட்டுந்தான் போட்டிருக்கறீங்க. நாளைக்கு?"

அவளுக்குப் பின்னால் ஜிகினா உதிர்ந்த தெர்மாகோல் சுழியம் சுவரில் சாய்ந்து நின்றது. பக்கத்தில் பூங்கொத்துகளின் பிளாஸ்டிக் தாள் ஆறு சாக்கில் பிதுங்கியது. துளசிமணி அதில் ஒரு சாக்கை அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"நாளைக்கு வாங்க, நாளைக்குத் தேதி போட்டுக் கட்டறனுங்க. இப்பக் கை காலியாத்தானே இருக்குது. உட்காருங்க சார்."